வீட்டு கொரோனா கிட், ஆக்சிமீட்டர்: புதுத் திரிபுகளின் காலத்தில் எதற்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். மெடிக்கல்ஸில் கிடைக்கும், வீட்டிலேயே கொரோனா சோதித்துக்கொள்ளும் ஆன்டிஜென் கிட்டுக்கு ஐந்துக்கு மூன்று. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு, வீட்டில் எல்லோரும் நாற்பதுக்குள், நோய்நொடி இல்லாதவர்கள் என்றால் இரண்டு. சர்க்கரை, இதயம், நுரையீரல் என்று ஏதாவது ஒரு தொந்தரவோடு ஒரு பெரியவர் இருந்தால் ஐந்துக்கு ஐந்து. 2021 ஜூனில் இதை எழுதியிருந்தால் ஆக்சிமீட்டருக்கு யாராயிருந்தாலும் ஐந்துதான், கிட்டுக்கு மூன்றரை. அன்று விற்ற அதே பொருள்தான் இன்றும் விற்கிறது. நடுவில் வைரஸின் டெல்டா திரிபு போய் ஒமிக்ரான் வந்தது, அதன் பிள்ளைகளும் பேரன்களுமாக எக்ஸ்பிபி, ஜேஎன்.1 எல்லாம் வந்து போயின. கிட்டத்தட்ட எல்லோர் உடம்பும் தடுப்பூசி வழியாகவோ தொற்று வழியாகவோ இந்த வைரஸை ஒருமுறையாவது பார்த்துவிட்டது. அதனால் யாருக்கு நோய் கடுமையாகும், எந்த நாளில் கிட்டில் பாசிட்டிவ் கோடு விழும் என்ற இரண்டும் மாறிவிட்டன. மதிப்பெண் மாறியதற்குக் காரணம் அதுதான்.

கிட்டுக்கு மாதிரியாக கோவிசெல்ஃப்பை எடுத்துக்கொள்ளலாம். புனேயின் மைலேப் நிறுவனம் செய்வது. வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் முதலில் அனுமதித்த கிட் இது, 2021 மே மாதம். அப்போது விலை 250 ரூபாய். பிறகு வந்த மற்ற கம்பெனி கிட்களும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. கீழே சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

பெங்களூருவில் காய்ச்சல் சீசன் தொடங்கினால் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் கடைக்காரரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, புதுசா ஏதோ வந்திருக்காமே, அதுக்கும் இந்த கிட் காட்டுமா?" காட்டும். செய்திகளில் வரும் மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் வைரஸின் வெளிப்புற முள்ளில், அதாவது ஸ்பைக் புரதத்தில் நடப்பவை. ஒமிக்ரானின் முள்ளில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காண்பது இந்த முள்ளைத்தான். அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கே மறுபடியும் வருகிறது. கிட் தேடுவதோ உள்ளே மரபணுவைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதத்தை. ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் கைரேகையை வைத்துப் பிடிப்பது போலத்தான். உள்புரதத்திலும் மாற்றங்கள் வரும், ஆனால் குறைவு. இதுவரை பரவலாகப் பரவிய எந்தத் திரிபாலும் இந்தக் கிட்கள் மொத்தமாகப் பயனற்றுப் போகவில்லை.

செய்முறை பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு, பொடி எழுத்தில். தாத்தா பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் நடக்காது. ஒருவர் உடனிருந்து செய்துவிடுவது நல்லது. கையைக் கழுவித் துடைத்து, மூக்கை ஒருமுறை சிந்திவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கெட்டிச் சளி குச்சியில் ஒட்டிக்கொண்டால் சோதனைக் கார்டில் திரவம் சரியாக ஓடாது. திரவம் உள்ள ட்யூபைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு தட்டு தட்டி, எல்லாம் கீழே இறங்கியபின் மூடியைத் திறக்க வேண்டும். பஞ்சுக் குச்சியை மூக்கில் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுவரில் உரசும்படி ஐந்து சுற்று. அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் ஐந்து சுற்று. பலர் நுனியில் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். கண்ணில் லேசாகத் தண்ணீர் வரும் அளவுக்குப் போனால்தான் மாதிரி கிடைத்ததாக அர்த்தம். குச்சியை ட்யூபுக்குள் விட்டு, ட்யூபின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே நன்றாகச் சுழற்ற வேண்டும், பஞ்சில் இருப்பது திரவத்தில் இறங்க. பிறகு குச்சியை அதிலுள்ள கோட்டில் ஒடித்து, சொட்டுவிடும் முனையுள்ள மூடியை ட்யூபில் போட்டு, கார்டின் சிறிய குழியில் இரண்டு சொட்டு.

இரண்டே சொட்டு. மூன்று நான்கு விட்டால் கார்டுக்குள் இருக்கும் பட்டை நனைந்து பின்னணி சிவந்துபோகும், கோடு தெரியாது. சொட்டில் காற்றுக் குமிழ் வந்தால் அளவு குறைந்துவிடும். ட்யூபைச் சாய்த்துப் பிடிக்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்தால் குமிழ் வராது. கார்டு சமதளத்தில் இருக்கட்டும், மெத்தை மேல் வேண்டாம்.

15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். வைரஸ் நிறைய இருந்தால் ஐந்தாறு நிமிடத்திலேயே 'டி' கோடு (டெஸ்ட் கோடு, பாசிட்டிவின் அடையாளம்) வந்துவிடும், அதை நம்பலாம். ஆனால் நெகட்டிவ் என்று சொல்ல 15 நிமிடம் முழுதாக ஆக வேண்டும். 20 நிமிடத்துக்குப் பிறகு தெரிவது எதுவும் கணக்கில் சேராது. குப்பைக்கூடையில் போட்ட கார்டை மறுநாள் எடுத்துப் பார்த்து "மங்கலா ஒரு கோடு வந்திருக்கு" என்று பதறுபவர்கள் உண்டு. காய்ந்த பட்டையில் விழும் நிழல் அது. நேரத்துக்குள் வந்த மங்கல் கோடு மட்டும் வேறு சங்கதி. எவ்வளவு மங்கலானாலும் அது பாசிட்டிவ்தான்.

இந்தக் கிட்டின் பெரிய குறை 'சி' என்ற கன்ட்ரோல் கோட்டில் இருக்கிறது. சி கோடு வந்தால் சோதனை சரியாக நடந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சொல்வது திரவம் பட்டை முழுக்க ஓடியது என்பதை மட்டும்தான். குச்சி மூக்கில் படவே இல்லையென்றாலும் சி கோடு அழகாக வரும். எனவே குழந்தை திமிறி அழுது அரைகுறையாக எடுத்த மாதிரியில் நெகட்டிவ் வந்தால் அது நெகட்டிவ் அல்ல. சோதனை நடக்கவில்லை, அவ்வளவுதான். சி கோடே வரவில்லையென்றால் கார்டு வீண், புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

சேமிப்பு வெப்பநிலை பெரும்பாலான பெட்டிகளில் 2 முதல் 30 டிகிரி என்று இருக்கும். பெங்களூருதானே, குளிரூர்தானே என்று விட்டுவிட முடியாது. ஏப்ரலில் இங்கே 35-ஐத் தொடுகிறது. ஷீட் போட்ட மாடி அறை, வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கி, கண்ணாடி ஷோகேஸில் வெயில் விழும் சின்னக் கடை எல்லாம் அதைவிடச் சுடும். கடையில் பெட்டி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைப்பதும் தவறு. ஃப்ரிட்ஜில் இருந்ததானால் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிரிக்கவும். மழைக்கால ஈரக்காற்றில் கார்டின் உறையைப் பிரித்து வைத்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று போனால் பட்டை ஈரத்தை உறிஞ்சிவிடும். உறையைக் கடைசியில் பிரியுங்கள்.

தொண்டையிலும் அதே குச்சியால் தடவும் பழக்கம் ஒமிக்ரான் வந்தபோது பரவியது. அந்தத் திரிபு தொண்டைவலியில் தொடங்குவது அதிகம் என்பதால் கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மூக்குக்கென்று அனுமதி பெற்ற கிட்டை மூக்கில்தான் பயன்படுத்த வேண்டும். தொண்டையில் குடித்ததன் மிச்சமும் இருக்கலாம்: ஜூஸ், கோலா போன்ற புளிப்பு பானங்களின் அமிலம் கார்டில் பட்டால் வைரஸே இல்லாமல் டி கோடு விழக்கூடும். பள்ளிக்கு லீவு போட அதைப் பயன்படுத்திய பிள்ளைகள் இங்கிலாந்தில் செய்தியே ஆனார்கள்.

இனி மதிப்பெண்ணைக் குறைத்த விஷயம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அறிகுறி உள்ளவர்களில் ஆன்டிஜென் சோதனைகள் சராசரியாக 73 சதவீதத் தொற்றைப் பிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் சுமார் 55 சதவீதம்தான். பாசிட்டிவ் என்று சொன்னால் அநேகமாக எப்போதும் சரி. சந்தேகமெல்லாம் நெகட்டிவ் மேல்தான். ஒமிக்ரானுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் கூடியது.

காரணம் இது. 2020-ல் வந்த வைரஸுக்கு, தொற்று ஏற்பட்டு அறிகுறி தொடங்க ஐந்தாறு நாள் ஆனது. டெல்டாவுக்கு ஏறக்குறைய நான்கு நாள், ஒமிக்ரானுக்கு மூன்று. முதல் அலையில் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் வைரஸ் சத்தமில்லாமல் பெருகி உச்சத்துக்கு வந்த சமயத்தில்தான் காய்ச்சலே தொடங்கும்; அன்று சோதித்தால் கோடு விழும். இப்போது உடம்புக்கு வைரஸை அடையாளம் தெரியும். வந்தவுடனே எதிர்ப்பு கிளம்பிவிடுகிறது. தொண்டைவலி, காய்ச்சல், உடம்புவலி எல்லாம் அந்த எதிர்ப்பின் வேலை. மூக்கில் வைரஸ் உச்சத்தை எட்டுவது அறிகுறி தொடங்கி மூன்றாம் நான்காம் நாளில். ஆக, காலையில் தொண்டை கரகரத்ததும் கிட் வாங்கிச் செய்து, நெகட்டிவ் பார்த்து, மாலையில் கல்யாண ரிசப்ஷனுக்குப் போவதுதான் இந்தக் கிட்டை மிக மோசமாகப் பயன்படுத்தும் வழி. அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் விட்டு மறுபடி ஒன்று. அறிகுறியே இல்லாமல் தொற்றாளரோடு இருந்தவர் என்றால் 48 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் இருந்து சொல்லிவரும் கணக்கு இது. அப்படிப் பார்த்தால் கிட்டின் விலையை ஒன்றின் விலையாகப் பார்க்கக் கூடாது, இரண்டின் விலையாகப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சேலம், தருமபுரி, வேலூர் என்று ஊருக்குப் போகிறவர்கள் பாட்டியைப் பார்க்கும் முன் சோதித்துக்கொள்ள நினைத்தால், கிளம்பும் முந்தின இரவு செய்வதைவிட ஊர்போய்ச் சேர்ந்து வீட்டுக்குள் நுழையும் முன் செய்வது பயனுள்ளது. அந்த நேரத்தில் மூக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கிட் சொல்லும். அடுத்த நாளைக்கு அது உத்தரவாதம் தராது.

எந்தத் திரிபு என்று எந்த வீட்டுக் கிட்டும் சொல்லாது. லேபில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனையின் ரிப்போர்ட்டும் பொதுவாகச் சொல்லாது. 2021 இறுதியில் ஒமிக்ரானுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது: முள் மரபணுவில் 69, 70-ஆம் இடங்கள் விடுபட்டிருந்ததால் சில பிசிஆர் கிட்களில் அந்த முள் மரபணு (எஸ் மரபணு) மட்டும் பதில் சொல்லாது, மற்றவை சொல்லும். அதைவைத்து ஒமிக்ரான் என்று ஊகித்தார்கள். பிறகு ஒமிக்ரானின் கிளையான பிஏ.2 வந்தது, அதில் அந்த விடுபடல் இல்லை, குறுக்குவழி அடைபட்டது. உறுதியாகச் சொல்ல மரபணு வரிசையாக்கம், அதாவது வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது வேண்டும். அதைச் செய்யும் லேப்களைச் சேர்த்து 2020 டிசம்பரில் தொடங்கிய இன்சாகாக் கூட்டமைப்பில் பெங்களூருவின் ஆய்வு நிறுவனங்களான நிம்ஹான்ஸும் இன்ஸ்டெமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. நாட்டின் முதல் இரண்டு ஒமிக்ரான் தொற்றுகள் 2021 டிசம்பர் 2-ஆம் தேதி அறிவிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். அதெல்லாம் ஊருக்கான கண்காணிப்பு. உங்களுக்கு வந்தது எந்தத் திரிபு என்று தெரிந்தாலும் மாத்திரை மாறப்போவதில்லை. அதற்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். ரிப்போர்ட்டில் போடும் 'சிடி' எண்ணை (வைரஸ் தென்பட எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்பதை) வைத்து நோயின் கடுமையைக் கணிப்பதும் வேண்டாம். மாதிரி எடுத்த விதம், எடுத்த நாள் எல்லாவற்றிலும் அது மாறும்.

சரி, திரிபு மாறும்போது யார் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள்? வைரஸின் குணம் ஒரு பங்கு, தொற்று வந்தவரின் உடம்பு ஒரு பங்கு. செய்திகளில் முதல் பங்கு மட்டும்தான் வரும்.

டெல்டாவின் குணம் உண்மையிலேயே கொடியது. அதற்கு முந்தைய ஆல்ஃபாவோடு ஒப்பிட்டால் மருத்துவமனையில் சேரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிரிட்டன் தரவுகள் காட்டின. நுரையீரல் ஆழத்தில் நன்றாக வளர்ந்தது. ஆனால் "டெல்டா இளைஞர்களைத் தேடி வந்தது" என்று அப்போது பேசிக்கொண்டது பாதிதான் உண்மை. முதல் அலை, இரண்டாம் அலை இரண்டிலுமே நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல் 40 வயதைத் தாண்டியவர்கள் என்று ஐசிஎம்ஆர் 2021 ஏப்ரலில் சொன்னது. அலை அவ்வளவு பெரிதாக இருந்ததால் இளைஞர்களின் தலைக்கணக்கும் பெரிதாகத் தெரிந்தது. அத்தோடு, 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடுப்பூசி மே 1-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. படுக்கைகள் நிரம்பியபோது அவர்கள் கையில் எதுவும் இல்லை.

ஒமிக்ரான் வேறு மாதிரி. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஆய்வகச் சோதனையில் அது மூச்சுக்கிளைக் குழாய்த் திசுவில் டெல்டாவைவிட சுமார் 70 மடங்கு வேகமாகப் பெருகியது; நுரையீரல் திசுவிலோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே தொண்டைவலி, மூக்கடைப்பு, இருமல் அதிகம், வாசனை போவது குறைவு, மூச்சுத்திணறல் குறைவு. காற்றுக்குழாய் குறுகலான சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் மேல்பகுதித் தொற்றே தொந்தரவு. நாய் குரைப்பது போன்ற இருமலோடு மூச்சை இழுக்கும்போது சத்தம் வரும் 'க்ரூப்' நோய் ஒமிக்ரான் சமயத்தில் பல நாடுகளில் அதிகமானது.

இதை வைத்து "ஒமிக்ரான் வெறும் சளி" என்று முடிவுகட்டியவர்களுக்கு 2022 பிப்ரவரி, மார்ச்சில் ஹாங்காங் பதில் சொன்னது. அங்கே 80 வயது தாண்டியவர்களில் பெரும்பாலோர் முழுத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. முன்பு தொற்று வந்தவர்களும் மிகக் குறைவு. அதே ஒமிக்ரான்தான், முதியவர்கள் கொத்தாகச் செத்தார்கள், மருத்துவமனைகளிலும் பிணவறைகளிலும் பிணங்கள் வைக்க இடமில்லாமல் போனது. ஏறக்குறைய அதே சமயம் நியூசிலாந்திலும் ஒமிக்ரான் முதன்முறையாகப் பரவியது. அங்கே முதியவர்கள் தடுப்பூசி போட்டிருந்தார்கள், சாவு மிகக் குறைவு.

ஃப்ளூவிலும் இதே கதைதான். 2009-ல் வந்த எச்1என்1 என்ற பன்றிக்காய்ச்சல் இளவயதினரை அதிகம் படுக்க வைத்தது, ஏனென்றால் 1957-க்கு முன் பிறந்த பலர் அதன் உறவுக்கார வைரஸைச் சின்ன வயதிலேயே பார்த்திருந்தார்கள். எச்3என்2 என்ற இன்னொரு ஃப்ளூ பரவும் ஆண்டுகளில் முதியவர்கள் அதிகம் அடிபடுவார்கள். 2023 தொடக்கத்தில் இந்தியாவில் வாரக்கணக்கில் நீடித்த இருமலோடு பரவியது அதுதான். கொரோனா கிட்டில் நெகட்டிவ் வந்த காய்ச்சலில் ஒரு பகுதி இந்த ஃப்ளூவாக இருக்கலாம். வயதானவருக்கோ கர்ப்பிணிக்கோ என்றால் கிட்டோடு நிற்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

இதே கணக்கு கொரோனாவுக்கும். நிர்மாட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மருந்தை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் பெரியவர்கள் சாப்பிடும் பல மாத்திரைகளோடு அது மோதும்; டாக்டர் பட்டியலைப் பார்த்துச் சிலவற்றை நிறுத்தச் சொல்வார், சிலருக்கு இந்த மருந்தே வேண்டாம் என்பார். அதற்கும் நேரம் வேண்டும். ஆகவே ஒரே நெகட்டிவுக்கு வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு முதல் நாள் நெகட்டிவ் என்றால், மாஸ்க் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மறுபடி பார்க்கலாம். எழுபது வயது சர்க்கரை நோயாளிக்கு முதல் நாள் நெகட்டிவ் வந்தால் மூன்றாம் நாள்வரை காத்திருக்கவே கூடாது, அன்றே ஆர்டி-பிசிஆர். அவருக்கு இந்த வீட்டுச் சோதனையே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் லேப் சேவைகள் நகரம் முழுக்க உண்டு. தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது: லேபின் தரத்துக்கான என்ஏபிஎல் அங்கீகாரம், மாதிரி எடுத்த நேரம் ரிப்போர்ட்டில் அச்சிடப்படுகிறதா, குறைந்தது இரண்டு மரபணுக்களைத் தேடும் சோதனையா. ஒரு மரபணுவில் திரிபு வந்து சோதனை தவறினாலும் இன்னொன்று பிடித்துவிடும். திரிபுகளின் காலத்தில் பிசிஆருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான். வந்தவர் குளிர்ப்பெட்டி இல்லாமல் ட்யூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு தெரு சுற்றக் கிளம்பினால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம். ஒரே மாதிரியில் இருபது கிருமிகளைத் தேடும் ரெஸ்பிரேட்டரி பேனல் பல ஆயிரம் ரூபாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு அது நியாயமான செலவு, வீட்டில் இருமுகிறவருக்கு வீண்.

ஆக்சிமீட்டருக்கு வருவோம். டெல்டா காலத்தில் இதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்ததன் காரணம், மூச்சு முட்டுவது தெரியாமலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்ததுதான். பேசிக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் இருந்தவரின் அளவு எண்பதுகளில் இருக்கும். அறிகுறி தொடங்கி ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் இறக்கம் வரும். அதை முன்கூட்டியே காட்டியது விரலில் மாட்டும் இந்தக் கருவி மட்டும்தான். விலை தாறுமாறாக ஏறியதால் 2021 ஜூலையில் அரசு இதற்கும் இன்னும் நான்கு கருவிகளுக்கும் விற்பனை லாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது.

இன்றைய திரிபுகளில் ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த மௌன இறக்கம் அபூர்வம். பத்து நிமிடத்துக்கொருமுறை மாட்டிப் பார்த்துக் கவலைப்படுவதற்குத்தான் பயன்படுகிறது. இதய நோய், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை என்றிருப்பவருக்கோ இன்றும் அதே அபாயம். நிமோனியா எந்தத் திரிபில் வந்தாலும் நிமோனியாதான்.

அளக்கும் முறை: ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. நகப்பூச்சு, மருதாணி இல்லாத ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல். டிசம்பர் காலையில் விரல் சில்லென்று இருந்தால் ரத்தவோட்டம் குறைந்து எண் தவறாகக் காட்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டவும். கையை அசைக்காமல் ஒரு நிமிடம், எண் நிலைத்தபின் படிக்க வேண்டும். கருவி காட்டும் நாடித்துடிப்பை மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணியதோடு ஒப்பிடுங்கள். துடிப்பே தவறென்றால் ஆக்சிஜன் எண்ணும் தவறு. பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் பிடிக்காது. மொபைல் கேமராவில் விரல் வைத்து ஆக்சிஜன் காட்டும் ஆப்களை நம்ப வேண்டாம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் ஆக்சிஜன் அளவு குறைவாக இருப்பது இயல்பு என்று சொல்பவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், இந்த உயரத்துக்கு வித்தியாசம் தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொருவரின் வழக்கமான எண்ணையும் பெட்டி மூடியில் எழுதி வைப்பது உதவும். 93-ம் அதற்குக் கீழும் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை காட்டினால் டாக்டரை உடனே அழைக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வீட்டுத் தனிமை விதி. நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, நெஞ்சுவலி, குழப்பம் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. கருமையான தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவானது. நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். எண் 94 என்று காட்டினாலும் ஆள் வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால், நம்ப வேண்டியது ஆளை. மூச்சை நீங்களே எண்ணுங்கள், முழு ஒரு நிமிடம், அவருக்குச் சொல்லாமல். சொன்னால் மூச்சு மாறிவிடும். அவசரத்துக்கு 108.

ஆக்சிமீட்டர் பக்கத்திலேயே சிலர் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைப் பட்டையும் வைத்திருக்கிறார்கள், 2021-ன் மிச்சம். அதை எடுத்துவிடுங்கள். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது, ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் சாவை அது குறைத்தது என்பதை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டை இஷ்டத்துக்குக் கொடுத்ததன் விளைவைக் கருப்புப் பூஞ்சையில் பார்த்தாயிற்று.

மாஸ்க்குக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. திரிபு எதுவானாலும் மாஸ்க்கின் மதிப்பெண் மாறாது. முகத்தோடு ஒட்டியிருப்பதுதான் கணக்கு. ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 அல்லது என்95, வால்வு இல்லாதது. வால்வு உங்கள் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் தனிமைப்படுத்தலைவிட, இருமுபவர் மாஸ்க் போட்டு ஜன்னல் பக்கம் படுப்பது நடக்கக்கூடிய காரியம்.

வாங்குவதற்கு வந்தால்: இளம் ஜோடி, பேச்சலர் வீடு என்றால் இரண்டு கிட், ஐந்து மாஸ்க், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பெரியவர் இருந்தால் முதலில் ஆக்சிமீட்டர், இரண்டு ஜோடி ஏஏஏ பேட்டரி (கருவிக்குள் போட்டே வைத்தால் கசியும்), அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் எழுதிய தாள், வீட்டுக்கு வரும் லேபின் எண், அப்புறம்தான் கிட். ஆண்டுக்கொரு ஃப்ளூ ஊசியையும் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் கிட்டை மற்றவர்கள் தங்களைச் சோதிக்கப் பயன்படுத்தட்டும். அண்மை ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் கொரோனாவால் அதிகம் சேர்க்கப்பட்டவர்கள் வயது முதிர்ந்தவர்களும் இந்தக் கைக்குழந்தைகளும்தான். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளிழுத்தாலோ கிட், எண் எதையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெட்டியில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். அலை ஓய்ந்த மாதங்களில் கடையில் கிடப்பது பழைய சரக்காக இருக்கும், தள்ளுபடி கொடுத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பயன்படுத்திய குச்சி, ட்யூப், கார்டு மூன்றையும் கூட வரும் பையில் போட்டு மூடி, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டு, மாநகராட்சி வண்டி வரும்போது நாப்கின், டயப்பர் போடும் குப்பையோடு தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஈரக்குப்பையில் போட்டால் அதைக் கையால் பிரிப்பவர் தொட நேரிடும்.